முட்டையிட்ட சேவல்

கோழி வளர்த்தவர்கள் எல்லாரும் முன்னால் வந்து உட்காருங்கள். வளர்க்காதவர்கள் அவர்களுக்கும் முன்னால் வாருங்கள். ஏமாறப் போகிறவர்கள் நீங்கள்தான், கதையும் உங்களுக்குத்தான்.

முன்னொரு காலத்தில், கொங்குச் சீமையில், செங்குன்று என்ற மலையின் அடியில் கூவலூர் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு ராசா, மலைக்கு ஒரு முருகன், இரண்டு பேருக்கும் நடுவில் செங்கோடன் என்று ஒருவன்.

ராசாவுக்கு நாடு இருந்தது. முருகனுக்கு வேல் இருந்தது. செங்கோடனுக்கு வாய் இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், மாடு தொலைந்தால், மழை பொய்த்தால், "முருகா, உனக்கொரு சேவல் விடுகிறேன்" என்று நேர்ந்துகொள்வார்கள். நேர்ந்த அன்றே, முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சு ஒன்றின் காலில் மஞ்சள் நூல் கட்டிவிட வேண்டும். அது வளர்ந்து சேவலான பிறகு தைப்பூசத்தன்று மலையடியில் கொண்டுபோய் விட்டால் வேண்டுதல் தீர்ந்தது. சாமியின் கொடியில் இருக்கிற பறவை அல்லவா, அதை யாரும் தொட மாட்டார்கள். மலை முழுக்கச் சேவல்கள் மேய்ந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு சங்கடம். பஞ்சுருண்டை மாதிரி இருக்கிற குஞ்சுகளில் எது சேவல், எது பெட்டை? கொண்டை இல்லை, வால் இல்லை, கூவலும் இல்லை. எல்லாம் கீச்சுக் கீச்சுதான். பெட்டையின் காலில் நூலைக் கட்டிவிட்டால் வேண்டுதல் பாழ். கொஞ்சம் வளரவிட்டுக் கட்டலாமே என்று கேட்கிறீர்களா? தாமதித்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அவசரம் மனிதருக்கு, பழி சாமிக்கு!

அதனால்தான் செங்கோடனுக்குப் பிழைப்பு ஓடியது. குஞ்சைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லுவான். பார்த்துச் சொல்ல ஒரு படி கம்பு கூலி.

அவனிடம் மூன்று சோதனைகள் இருந்தன. முதலில் குஞ்சின் பிடரியைப் பிடித்துத் தூக்குவான். காலை மடக்கினால் சேவல், தொங்கவிட்டால் பெட்டை. அடுத்து, ஒரு கொட்டைப்பாக்கை நூலில் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் பிடிப்பான். பாக்கு நேராக ஆடினால் சேவல், வட்டமாக ஆடினால் பெட்டை. கடைசியாகக் குஞ்சை மல்லாத்தி, அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்பான். என்ன கேட்பான் என்பது முருகனுக்கே தெரியாது.

பிறகு கண்ணை உருட்டி, "சேவலுங்க! பெருவிடைச் சாதி! மயில் நெறம்!" என்று முழங்குவான்.

பெருவிடை என்றால் நெட்டைக்கால், நீண்ட கழுத்து, நடந்தால் தளபதி நடை. சிறுவிடை என்றால் குட்டைக்கால், வீட்டைச் சுற்றிக் குப்பை கிளறுகிற சாதி. தன் வீட்டுக் குஞ்சைப் பெருவிடை என்று சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? கூலியாகக் கொடுத்த கம்புக்கு மேல் ஒரு தேங்காயும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

சொன்னது பலித்ததா என்றால், பாதிக்குப் பாதி பலித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கழுதை சொன்னாலும் அவ்வளவு தேறும். பலிக்காத பாதிக்கு என்ன செய்தான்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். "நான் சொன்னது சேவல்தானுங்க. ஆகாத நெழலு உளுந்து பெட்டையா மாறிப்போச்சு" என்பான்.

மேல வீதியில் ஒரு சேவல் பெட்டையானது. விருந்துக்கு வந்த நாத்தனாரின் நிழல் என்றான். வடக்கு வீதியில் ஒன்று பெட்டையானது. அத்தைக்காரியின் நிழல் என்றான். கீழ வீதியில், அவன் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே ஒன்று பெட்டையானது. புதிதாக வந்த மருமகளின் நிழல் என்றான். எந்த ஆணின் நிழலும் எந்தக் குஞ்சின் மேலும் விழுந்ததாகச் சேதி இல்லை. கூவலூரில் ஆண்பிள்ளைகள் வெயிலில் நடப்பதே இல்லை போலிருக்கிறது.

அந்த எதிர்வீட்டு மருமகள் பெயர் பாவாயி. மாமியார் குப்பாயி அவள் துணிமணியை மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்து, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள். புருசன் சின்னான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான், வாயைத் திறக்கவில்லை. தெருவில் இறங்கிய பாவாயி திரும்பிச் செங்கோடனை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அவன் பெண்சாதி நாச்சாயி அன்று சாயங்காலம் கேட்டாள்: "ஏனுங்க மாமா, அந்தப் புள்ள நெழலு என்னங்க பண்ணுச்சு? தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லீருக்கலாமுல்ல?"

"தெரியலீன்னு சொன்னா நாளைக்கு எவன் கம்பு கொண்டாந்து தருவான்? வாயிருக்கறவன் பொழைக்கறான். நீ போயி களியக் கிண்டு புள்ள."

நாச்சாயி களியைக் கிண்டினாள். கிண்டிய வேகத்தில் சட்டி உடையாமல் தப்பியதே பெரிது. செங்கோடனோ அதற்குப் பிறகு எதிர்வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டான்.

இப்படி இருக்கையில், ஓர் ஆடி மாதம் ராசாவின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ராணி மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "முருகா, பெருவிடைச் சேவலா, மயில் நிறமா ஒன்று விடுகிறேன், பிள்ளையைக் கொடு" என்று நேர்ந்துகொண்டாள். உடனே செங்கோடனுக்கு ஆள் போனது.

அரண்மனையில் ஒரு கூடை நிறையக் குஞ்சு. செங்கோடன் ஒன்றைத் தூக்கினான். அது ஒரு காலை மடக்கியது, ஒரு காலைத் தொங்கவிட்டது. பாக்கைப் பிடித்தான். ராசா பார்த்துக்கொண்டிருந்தார், பாக்கு நேராகவும் ஆடியது, வட்டமாகவும் ஆடியது. வயிற்றில் காதை வைத்தான். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் அவனுக்குக் கேட்டது. தொண்டைவரைக்கும் 'தெரியலீங்க' என்ற சொல் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "சேவலுங்க! பெருவிடைச் சாதி! மயில் நெறம்!" என்று முழங்கினான்.

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் நூலைக் கட்டினாள். செங்கோடன் பின்பக்கத்துக் கதவையும் திறந்து வைத்துக்கொள்வோம் என்று நினைத்து, "ஆனாலுமுங்க சாமி, ஆகாத நெழலு உளுந்தா மட்டும் பெட்டையா மாறிப்போயிரும், அதுக்கு நான் பொறுப்பில்லீங்க" என்றான்.

ராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? இது என்ற மகன் உசுருக்கு நேர்ந்தது. இதும்மேல எவுரு நெழலு உளுந்து கெடுத்தாலும் செரி, அவுங்க ஆத்தத் தாண்டிப் போயிரோணும். இந்த மண்ணுல திரும்பக் கால் வெக்கக் கூடாது. இங்க அரமனைல ஆயிரம் நெழலு. உன்ற ஊட்ல எத்தன பேரு?"

"நானும் என்ற பொண்டாட்டியும்தானுங்க."

"தேர்ந்து குடுத்தவன் நெழலு ஆகாதா?"

"அய்யய்யோ, என்ற நெழலு சுத்தமுங்க சாமி!"

"அப்ப உன்ற ஊட்லயே வளரட்டும். தைப்பூசத்துக்குக் கொண்டா."

செங்கோடன் பட்டுத்துணி விரித்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ராசாவே நம்பிக் கொடுத்தாரே என்று குதியாட்டம் போட்டுக்கொண்டு நடந்தான். தன் வாசலுக்கு வந்து, தண்ணீர்க் குடத்தோடு நின்ற நாச்சாயியைப் பார்த்த பிறகுதான் அவனுக்குக் கணக்கு உறைத்தது. வீட்டில் இருப்பது இரண்டே நிழல். ஒன்று சுத்தம் என்று அவனே சொல்லிவிட்டு வந்துவிட்டான். குஞ்சு பெட்டையாகப் போனால் ஆற்றைத் தாண்ட வேண்டியது யார்?

நாச்சாயி கூடைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாக் கண்ண முழிச்சுப் பாக்குதுங்க. சேவலா, பெட்டையா?"

"சேவல்தான் புள்ள. சேவலாத்தான் இருக்கோணும்" என்றான் செங்கோடன். அவன் குரல் முழங்கவில்லை.

குஞ்சு வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்கிறீர்கள்? கால் நீளும் என்று செங்கோடன் காத்திருந்தான், அது குட்டையாகவே நின்றது. மயில் நிறம் வரும் என்று காத்திருந்தான், உலர்ந்த சருகு நிறம் வந்தது. கொண்டை சிவக்கும் என்று காத்திருந்தான், அரிசிமணி அளவுக்கு வெளிறிப்போய் ஒன்று எட்டிப் பார்த்தது. பெருவிடையும் இல்லை, மயிலும் இல்லை, சேவலும் இல்லை. சொன்ன மூன்றும் மூன்று திசையில் ஓடிப்போயின.

அதற்குள் ராசாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுப்போய், அது தவழ்ந்து, எழுந்து, விழுந்து விளையாடத் தொடங்கியிருந்தது. ஊரெல்லாம் சந்தோசம். செங்கோடன் மட்டும் தைப்பூசத்துக்கு நாள் எண்ணினான். சாமி தன் பங்கைச் செய்துவிட்டது, இனி சேவலைக் கொடுத்தாக வேண்டுமே!

செங்கோடன் சும்மா இருக்கவில்லை. முதலில் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துக் கொண்டையில் பூசினான். அது மண்ணில் குளித்துவிட்டு வந்து, முகமெல்லாம் செந்தூரமாய் நின்றது. அடுத்து, மலையில் உதிர்ந்து கிடந்த சேவல் இறகுகளைப் பொறுக்கி வந்து வாலில் கட்டினான். அது திரும்பித் திரும்பிக் கொத்தி, இறகை எல்லாம் பிடுங்கிப் போட்டது.

கடைசியாகக் கூவல். சேவல் இருக்கிற வீட்டில் கூவல் கேட்க வேண்டாமா? செங்கோடன் விடியக் கருக்கலில் எழுந்து, கோழிக்கூண்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, "கொக்கரக்கோ" என்று தானே கூவினான்.

தெருவில் தண்ணீருக்குப் போன பெண்கள், "செங்கோடன் ஊட்டுச் சேவலுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாட்டம் இருக்குது, சுக்குத்தண்ணி குடுக்கச் சொல்லோணும்" என்று பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக் குப்பாயியின் சேவலுக்குத்தான், கீரிப்பிள்ளை நிறத்துக் கீரிச்சேவல் அது, பொறுக்கவில்லை. தன் எல்லையில் எவன் வந்து கூவுகிறான் என்று வேலியைத் தாண்டிப் பறந்து வந்து, குந்தியிருந்த செங்கோடனின் முதுகில் ஏறி மிதித்துவிட்டது. மிதித்த பிறகு கூண்டைப் பார்த்தது. பார்த்ததும் கோபம் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் வந்தது.

முதுகில் மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொண்டே நாச்சாயி சொன்னாள்: "பெட்டைக்கோழி கூவி பொழுது விடியாதும்பாங்க. உங்க கதைல ஆம்பளை கூவியும் விடியலியே மாமா."

பிறகு அவள் சிரிப்பு நின்றுபோனது. "நெசத்தச் சொல்லிப்போடுங்க. ராசா ரெண்டு வார்த்தை வைவாரு, அத்தோட போகும்."

"ஊரு சிரிக்குமே புள்ள."

"ஊரு சிரிச்சா உங்களுக்கு வலிக்கும். நான் ஆத்தத் தாண்டுனா?"

செங்கோடன் கோழிக்குத் தீனி போடப் போனான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். தைப்பூசம் வந்துவிட்டது.

மலையடியில் ஊரே கூடியிருந்தது. ராசா ஒரு பக்கம், இடுப்பில் பிள்ளையோடு ராணி ஒரு பக்கம், நடுவில் தாம்பாளத்தில் நெல். செங்கோடன் கூடையோடு வந்தான். விடியற்காலையில் கொண்டைக்குச் செந்தூரம் பூசி, வாலுக்கு இறகு கட்டி, ஒரு சேவலை உண்டாக்கியிருந்தான். திறந்துவிட்டதும் மலைப்பக்கம் ஓடிவிட்டால் பிழைத்தோம் என்பது அவன் எண்ணம்.

கூடையைத் திறந்தார்கள். அது ஓடவில்லை. சாவகாசமாக இறங்கி, இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, தாம்பாளத்து நெல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. வாலில் கட்டிய இறகுகள் ஒன்றொன்றாகக் கழன்று விழுந்தன. சனமெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தது. சிறிது நேரம் கழித்து அது எழுந்து நின்று, "கெக்கெக் கெக்கேக்கே!" என்று மலை எதிரொலிக்கக் கேறியது.

நெல்லின் மேல் ஒரு முட்டை இருந்தது.

ராணியின் இடுப்பிலிருந்த பிள்ளை கையைத் தட்டிச் சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

"என்னடா இது?" என்றார் ராசா.

பழகிய வாய் என்ன செய்யும்? செங்கோடன் நினைப்பதற்கு முன்பே அது திறந்துகொண்டது. "நெழலுங்க சாமி. ஆகாத நெழலு..."

"எவுரு நெழலு?"

செங்கோடன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்துவிட்டது. இத்தனை காலம் அவன் சொல்லிக் கொடுத்த பாடம் ஆயிற்றே, மறக்குமா? எல்லார் கண்ணும் நாச்சாயி மேல் போய் நின்றது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள். நேற்றுவரை அவளிடம் உப்புக் கடன் வாங்கியவர்கள் அவர்கள்.

நாச்சாயி அழவில்லை. யார்மேலும் பழி சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் நின்ற காவல்காரனிடம், "ஏனுங்கண்ணா, ஆத்துல தண்ணி இப்ப எவ்வளவு போகுதுங்க? முட்டிக்கா, இடுப்புக்கா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுத் திரும்பிச் செங்கோடனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு அந்தப் பார்வை தெரியும். எதிர்வீட்டு வாசலில் ஒருநாள் பார்த்த அதே பார்வை.

செங்கோடன் அதற்கு மேல் நிற்கவில்லை. தாவி வந்து ராசா காலில் விழுந்தான்.

"தெரியாதுங்க சாமி! எனக்குத் தெரியாதுங்க! பொறந்த குஞ்சப் பாத்து சேவலா பெட்டையானு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்லீங்க. காலப் புடிச்சுப் பாத்ததும் பொய்யி, பாக்க ஆட்டுனதும் பொய்யி, காத வெச்சுக் கேட்டதும் பொய்யி. நெழலுக்கும் கோழிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. மேல வீதி நாத்தனாரும் கெடுக்கல, வடக்கு வீதி அத்தையும் கெடுக்கல, எதுர்த்த ஊட்டுப் பாவாயியும் கெடுக்கல. என்ற வாய்தானுங்க கெடுத்துது. ஆத்தத் தாண்டோணும்னா நான் தாண்டறனுங்க. அவள உட்டுருங்க!"

சொல்லி முடித்ததும் கூட்டத்தில் குப்பாயி தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவள் மகன் சின்னான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். மேல வீதிக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள், வடக்கு வீதிக்காரர்கள் கல்லைத் தேடினார்கள்.

ராசா கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார்.

"செரி. ஆத்தத் தாண்டு" என்றார். "தாண்டி, அக்கரைல இருக்கற பாவாயியக் கையோட கூட்டிக்கிட்டு வா. இந்தக் கோழியத் தலமேல வெச்சுக்கிட்டே போ, அவளே பாக்கட்டும். டேய் சின்னா, நீயும் போ. இவன் சொன்னது பொய்யின்னா, அத நம்பி வாயத் தொறக்காம நின்னியே, அது மட்டும் என்ன மெய்யா?"

ராணி தாம்பாளத்திலிருந்து முட்டையை எடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. "என் பிள்ளை பிழைத்துவிட்டான். முருகன் என்னிடம் நாள் கேட்கவில்லை, நான்தான் அவசரப்பட்டேன். இந்தப் பெட்டை அடைகாத்து, குஞ்சு பொரித்து, அதில் எது தானாகக் கூவுகிறதோ அதை விடுகிறேன்" என்றாள். முருகனும் சரி என்றே சொல்லியிருப்பார். வேண்டாம் என்று சத்தம் ஏதும் வரவில்லை.

செங்கோடனும் சின்னானும் ஆற்றைத் தாண்டினார்கள். தண்ணீர் முட்டிக்குத்தான் இருந்தது, தலைதான் தாழ்ந்திருந்தது. பாவாயி தாய்வீட்டு வாசலில் நின்று, சின்னான் நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டாள். புருசனைப் பார்த்து, "இப்ப மட்டும் வாய் எப்படித் தொறந்துச்சுங்க?" என்று கேட்டாள். சின்னான் அவள் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டே, "மன்னிச்சுக்க புள்ள. உன்ற மேல தப்பில்லீன்னு அன்னிக்கே தெரியும். அம்மாளுக்குப் பயந்துட்டேன்" என்றான். அவள் துணி மூட்டையைக் கொண்டுவந்து அவன் தலையில் வைத்தாள்.

திரும்பி வருகையில் வெயில் சாய்ந்திருந்தது. பாவாயி வேண்டுமென்றே செங்கோடனுக்கு நெருக்கமாக நடந்தாள். அவள் நிழல் அவன் தலைமேலிருந்த கோழியின் மேல் வழி நெடுக விழுந்துகொண்டே வந்தது. கோழி ஒன்றும் ஆகவில்லை. ஆற்றங்கரையில் இன்னொரு முட்டை இட்டது, அவ்வளவுதான்.

அடுத்த தைப்பூசத்தில் நன்றாகக் கூவுகிற கீரிச்சேவல் ஒன்று மலையேறியது. முகச்சாடை அப்படியே எதிர்வீட்டுச் சேவல். கூவின பிறகுதான் மஞ்சள் நூல் என்ற வழக்கமும் அன்றைக்குத்தான் தொடங்கியது. செங்கோடன் நாச்சாயியோடு சேர்ந்து கோழி வளர்த்துப் பிழைத்தான். அவளுடைய கேலிதான் ஓயவில்லை. அதை அவன் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டான்.

ஒருநாள் ராசா அந்த வழியாகப் போனவர், அவன் வாசலில் குதிரையை நிறுத்தினார். அன்று காலையில் பொரித்த குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏண்டா செங்கோடா, இது சேவலா, பெட்டையா? பெருவிடையா, சிறுவிடையா?" என்று கேட்டார்.

செங்கோடன் குஞ்சைப் பார்த்தான். நாச்சாயியைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு, "தெரியலீங்க சாமி" என்றான்.

ராசா வாய்விட்டுச் சிரித்தார். "இத்தன வருசத்துல நீ செரியாச் சொன்னது இது ஒண்ணுதாண்டா!"

ஆகையால் கேளுங்கள்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசுகிறவன், தன் தவறைச் சுமக்க இன்னொருவர் தலையைத் தேடுவான், தேடித் தேடிக் கடைசியில் தன் வீட்டுக்கே வந்து சேருவான்.